போகிக் குப்பையை எரிக்காதீர்கள், நிலத்துக்குப் போர்த்துங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. கடைசி மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் உட்காரவைத்தவன்தானே நான். இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் தன் வீட்டுக்கு அழைத்திருந்தான். பெயர் சொல்லமாட்டேன், படித்தால் அவனுக்கே தெரியும். ஜமுனாமரத்தூரிலிருந்து நடக்கிற தூரம்தான். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் நிலம், பல வருடமாகச் சும்மா கிடந்தது. தை பிறந்ததும் அதில் கத்தரி, தக்காளி, வெண்டை, ஒரு பந்தல் பீர்க்கை போடப்போகிறானாம். "பாப்பா அங்கன்வாடிக்குப் போறா சார். அவளுக்காவது மருந்தடிக்காத காய் குடுக்கணும்" என்றான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு நிலம் முழுக்க இடுப்பளவு செடி. பார்த்தீனியம், நாயுருவி, தும்பை, தொட்டாற்சிணுங்கி, ஓரமாகக் கோரை. "இதை என்னப்பா செய்யப்போறே?" என்றேன். திண்ணையடியிலிருந்து ஒரு கேனை எடுத்துக் காட்டினான். களைக்கொல்லி. "பத்தே நாள் சார். எல்லாம் காஞ்சு கருகிடும்."

மருந்தடிக்காத காய்க்கு முதல் வேலையாக மருந்து!

அங்கேயே சொன்னேன். சிரித்தான். "சார், நீங்க பழைய காலம்" என்றான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டும் இல்லை. இந்தக் கேன் இப்போது நம் மலையில் எத்தனை வீட்டுத் திண்ணையடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி போட்டு லேபிளைப் படித்தேன். கிளைபோசேட். 1974-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சரக்கு. இலை வழியாக உள்ளே போய், வேர்வரை இறங்கிச் செடியைக் கொல்லும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் 2022 அக்டோபரில் நம் மத்திய அரசே ஆணை போட்டது: பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே இதைப் பயன்படுத்தவேண்டும் என்று. நம் பையன் என்ன உரிமம் வைத்திருக்கிறான்? கையுறை உண்டா? முகத்துக்கு என்ன? அக்கா பழைய துண்டு ஒன்றைக் கொடுத்தாராம். கேனை விற்ற கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

"மண்ணில் பட்டால் செயலிழந்துவிடும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். மண் துகளோடு அது ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஒட்டிக்கொள்வது வேறு, இல்லாமல் போவது வேறு. நம்முடையது சரிவு நிலம். கோடை மழை ஒன்று அடித்தால் மேல்மண் கிளம்பி ஓடைக்குப் போகும். மண் போனால் அதில் ஒட்டியதும் போகும். செய்யாறு பிறக்கிற மலை இது. நாம் மேலே கொட்டுவதைக் கீழே ஒருவர் குடிக்கிறார்.

சரி, உடம்பு, ஆறு எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். களை ஒழியுமா என்று மட்டும் பார்ப்போம். ஒழியாது. ஏனென்றால் நிற்கிற செடிதான் சாகும். மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியம் 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும். பல வருடம் சும்மா கிடந்த நிலத்தில் எத்தனை விதை இருக்கும்? 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 20 பாட்டில்களில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்துவைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இத்தனை வருடத்துக்கு ஒன்று என்று தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021-ல் ஒரு பாட்டிலைத் திறந்தபோதும், 142 வருடத்தை நெருங்கிய விதைகளில் சில முளைத்தன! பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்கிறான் இவன்.

அந்த விதைகள் எதற்குக் காத்திருக்கின்றன? பெரும்பாலான சிறு விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும். செடியைக் கருக்கிவிட்டு மண்ணைத் திறந்துபோட்டால், அடுத்த தலைமுறைக்கு வாசலைத் திறந்துவிட்டதாக அர்த்தம். மண்வெட்டியால் கொத்திப் புரட்டினாலும் இதே கதைதான். அடியில் தூங்கின விதை மேலே வந்துவிடும்.

பிள்ளைகளே, ஒளிச்சேர்க்கைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? தொட்டிச் செடியை இருட்டில் வைத்து, இலையின் நடுவில் கறுப்புத் தாளைக் கிளிப் போட்டு, வெயிலில் வைத்தோமே. மறுநாள் இலையைப் பறித்து, ஆல்கஹாலில் பச்சையம் போக்கி, அயோடின் ஊற்றினால் வெயில் பட்ட இடம் கருநீலம் ஆனது. தாள் மறைத்த இடம் ஆகவில்லை, அங்கே ஸ்டார்ச் இல்லை. வெளிச்சம் இல்லையென்றால் செடிக்குச் சாப்பாடு இல்லை. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எல்லோரும் எழுதினீர்கள். இவனும் எழுதினான், முழு மதிப்பெண் வாங்கினான். தன் சொந்த நிலம் என்று வந்தபோது கேனைத் தூக்குகிறான். நான் பாடம் நடத்திய லட்சணம் இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நிலத்துக்கும் அதே கறுப்புத் தாள்தான். மூடாக்கு என்கிறோமே, அது. செய்முறை சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே, மண்ணில் கார்த்திகை ஈரம் மிச்சம் இருக்கும்போதே, செடிகளைத் தரையோடு அறுத்துவிடு. வேர் உள்ளேயே இருக்கட்டும், அது மட்கி மண்ணில் துளை போடும். அறுத்ததை அங்கேயே பரப்பு. பூத்த பார்த்தீனியத்தை மட்டும் கையில் உறை போட்டுப் பிடுங்கி அப்புறப்படுத்து. கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் முடிந்தமட்டும் தோண்டி எடு, அவை மூடாக்குக்கு மட்டும் அடங்காதவை. மேலே சாணிக் கரைசல் தெளி. அதற்கு மேல் பழைய செய்தித்தாளை ஏழெட்டுத் தாளாக, இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனை. அட்டைப்பெட்டியும் ஆகும், டேப்பை உரித்துவிடு. அதன்மேல் அரை அடி உயரத்துக்குச் சருகு. காற்றுக்குப் பறக்காமல் குச்சியும் கல்லும் வை. அவ்வளவுதான். மாசிக் கடைசிவரை தொடாதே. பிறகு நாற்று நடும் இடத்தில் மட்டும் விலக்கி நடு. ஈரம் காக்கும் என்பதால் கோடையில் தண்ணீரும் குறைவாகவே கேட்கும்.

"சாமைத் தாளை எல்லாம் நிலத்தில் போட்டால் மாடு என்ன தின்னும்?" என்று நம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாடு தின்பதைப் போடாதீர்கள். மாடு தீண்டாத சருகு, உமி, காய் பிடிக்காத உண்ணிச்செடித் தழை, கிழிந்த சணல் சாக்கு எத்தனை கிடக்கிறது! நிலம் பெரிதென்றால் அடுத்த கார்த்திகையில் மழை ஈரத்திலேயே கொள்ளு விதையுங்கள். அது படர்ந்து மண்ணை மூடும், வேரில் தழைச்சத்தும் சேரும், மாட்டுக்கும் ஆகும்.

பாம்பு வரும், கரையான் வரும் என்பார்கள். வரலாம். கை வைப்பதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். தண்டை ஒட்டிச் சருகைக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். கரையான் முதலில் தின்பது காய்ந்ததைத்தான். இடுப்பளவு புதரில் மட்டும் பாம்பு இல்லாமலா இருந்தது?

இன்னும் சிலர் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் வாங்கலாமா சார் என்கிறார்கள். நிலப்போர்வை என்று அதற்கு மானியமும் கிடைக்கிறது. களையை அது அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் கோரை அதையும் குத்திக்கொண்டு வரும். மெல்லிய தாள் ஓரிரண்டு பருவ வெயிலில் கிழியும். கிழிந்த துண்டுகளைப் பத்து சென்டில் யார் பொறுக்குவது? சருகு மட்கினால் மண், பிளாஸ்டிக் கிழிந்தால் குப்பை. அந்த ஊர்களில் பனி கொட்டும், அவர்கள் குளிர்காலம் வேறு. நம் மார்கழி ஸ்வெட்டர் போடவைக்குமே தவிரச் செடியைக் கொல்லாது. இங்கே கொல்லவேண்டியது இருட்டுதான்.

கடைசியாக, ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்ற வாதம். இதுதான் உண்மையான வாதம், இதை நான் மதிக்கிறேன். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நம் மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பிழைப்பு தேடிப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கேன், தெளிப்பான் வாடகை, மறுபடி முளைத்ததற்கு மறுபடி ஒரு கேன் என்று கணக்குப் போடுங்கள். மூடாக்குக்கு ஒரு நாள் வேலை, காசு கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பிறகு குனிந்து களையெடுக்கும் வேலை குறையும். நம் வீடுகளில் குனிவது யார்? அம்மாவும் அக்காவும் மனைவியும்தானே. களைக்கொல்லி அவர்கள் முதுகைக் காப்பாற்றுகிறது என்று பேசுகிற ஆண்கள், ஒரு நாள் சருகு அள்ளிப் போடட்டும்.

போன மாதம் 30-ம் தேதி நம்மாழ்வார் ஐயாவின் நினைவு நாள். 2013-ல் இதே மார்கழியில்தான் மறைந்தார். உங்களில் எத்தனை பேர் பச்சைத் துண்டோடு அவர் படத்தைப் பகிர்ந்தீர்கள்! நானும் விருப்பம் போட்டேன். மூடாக்கு, மூடாக்கு என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர் அவர். படத்தைப் பகிர்வதோடு பத்து கூடைச் சருகையும் நிலத்தில் போட்டால் அவருக்குச் செய்த மரியாதையாக இருக்கும்.

இன்னும் நாலு நாளில் போகி. விடிகாலையில் தெருவெல்லாம் புகை. பெருக்கின சருகு, பழைய சாக்கு, அட்டைப்பெட்டி, ஒரு வருடச் செய்தித்தாள், எல்லாம் நெருப்பில். மேலே நான் சொன்ன பட்டியலையும் இந்தப் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றுதான். நாம் எரிக்கப்போவது நம் நிலத்தின் போர்வையை.

தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். கேனைத் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடு. வாங்கிக்கொள்ள மறுத்தால் பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டிவை. போகி அன்று காலை ஆறு மணிக்கு நான் இரண்டு சாக்குச் சருகோடு வருகிறேன். டீ மட்டும் போட்டுவை. இரண்டு மாதம் கழித்து மூடாக்கை விலக்கும்போது களை மண்டியிருந்தால், நீ சொன்னபடி நான் பழைய காலம் என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.

மற்றவர்களும் சருகு இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்
ஜமுனாமரத்தூர்