ஃபேனும் சேர்ந்து பாடுது பாஸ்!

“அண்ணே, அம்மா சீட்டு எடுத்து 70 ஆயிரம் தர்றாங்க. வீட்லயே பாட்டு ரெக்கார்டு பண்ண கம்ப்யூட்டர் வாங்கணும். எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?”

ஜூனியர் தம்பி இப்படிக் கேட்டதும் பதறிட்டேன். ஏன்னா, அதே பள்ளத்துல விழுந்து எழுந்தவன் நான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். முதல் பாட்டை ஹெட்போன்ல கேட்டா, என் குரலுக்குப் பின்னால ‘உய்ய்ங்’னு ஃபேன் சுருதி பிடிக்குது! சி.பி.யு. மேல போர்வையைப் போர்த்தினேன். சூடாகி, சரணத்துல ஆஃப் ஆயிடுச்சு.

மக்களே, பாட்டு ரெக்கார்டிங்குக்கு அந்தக் கார்டு வேண்டாம். உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் புராசஸர் போதும். (இன்டெல்லில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அது இருக்காது, உஷார்!) கோர் எத்தனை என்பதோடு, ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்றும் பாருங்கள். ஒரு டிராக்கில் வரிசையாகப் போடும் எஃபெக்ட்களை பெரும்பாலும் ஒரே கோர்தான் சுமக்கும். ரேம் 16 ஜி.பி., டிஸ்க் எஸ்.எஸ்.டி. உங்கள் குரல் இடத்தை அடைக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக், நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி.தான். வயலின், தபேலா என்று சாம்பிள் லைப்ரரி இறக்குவீங்க பாருங்க, அதுதான் ஜி.பி. கணக்கில் விழுங்கும்.

இனிதான் மெயின் மேட்டர். பாடுவது நம் காதுக்குத் தாமதமாக வந்தால் தாளம் போச்சு! பஃபர் 1024 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் 21 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை, ஆக 42. பேட்மிண்டன் கோர்ட்டின் இந்தக் கோடியில் பாடி, அந்தக் கோடியில் நின்று கேட்பதற்குச் சமம். 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 2.7தான். ஆனால் புராசஸர் திணறினால் ‘டப் டப்’ என்று வெடிக்கும். அதனால பாடும்போது இறக்குங்க, மிக்ஸிங்கில் ஏத்துங்க. விண்டோஸ் என்றால், சொந்தமாக ஏசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க. மதர்போர்டு மைக் துளையை நம்பாதீங்க.

தம்பி, கார்டு காசில் இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிட்டான். நேத்து முதல் பாட்டு அனுப்பினான். ஃபேன் சத்தமே இல்லை. பல்லவி முடியுற இடத்துல மட்டும் மூணு குக்கர் விசில்!