கண்ணாடிக்குள் ஒரு கடன்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கல்பாக்கம் வந்துவிடும். அங்கு 1980-களிலிருந்து அணுமின்சாரம் உற்பத்தியாகிறது. 2047-க்குள் நாட்டின் அணுமின் திறனை 1 லட்சம் மெகாவாட்டாக உயர்த்தும் இலக்கை 2025-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. முதலீடு பற்றி விவாதிக்கும் நாம், கழிவைத் தாங்கப்போகும் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதில்லை.

பயன்படுத்திய எரிபொருளை மறுபதப்படுத்தும்போது எஞ்சும் உயர் கதிரியக்கத் திரவக் கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் உறையவைக்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன.

கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய வலை. சோடியம் சேர்த்தால் எளிதில் உருகும். ஆனால், அளவு மிஞ்சினால் பிணைப்புகள் அறுபட்டு நீரில் அரிக்கப்படும். டிராம்பே கழிவில் சல்பேட் மிகுதி; வழக்கமான கலவையில் அது கலக்காமல் பிரிந்து நிற்கும். எனவே, அங்கு பேரியம் சேர்த்த கண்ணாடி உருவாக்கப்பட்டது. எல்லாக் கழிவுக்கும் ஒரே கலவை பொருந்தாது.

உள்ளிருக்கும் கதிர்வீச்சும் ஓய்வதில்லை. பீட்டா, காமா கதிர்கள் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்துக் கண்ணாடியின் நிறத்தை மாற்றும். ஆல்பா சிதைவில் பின்னுதைக்கும் கனமான அணுக்கரு, வலையையே குலைக்கும். இம்மாற்றங்கள் ஒரு கட்டத்துக்குப் பின் நிலைபெற்றுவிடுகின்றன என்று ஆய்வுகள் கூறுவது ஆறுதலானது. எனினும், சில ஆண்டுச் சோதனையைக் கொண்டு பல நூற்றாண்டுகளைக் கணிக்கிறோம் என்பதை மறக்கலாகாது. சீசியம்-137-இன் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவே 300 ஆண்டுகள் ஆகும். அமெரிசியம்-241 பாதியாகக் குறைய 432 ஆண்டுகள் வேண்டும்.

விழுப்புரத்தில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், எதிர்காலச் செலவின் இன்றைய மதிப்பைக் கணக்கிட மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆண்டுக்கு 5 விழுக்காடு தள்ளுபடி செய்தால், 300 ஆண்டுகளுக்குப் பின் நேரும் 1 கோடி ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பு 5 ரூபாய்க்கும் குறைவு! கணக்கில் பிழையில்லை. ஆனால், பிறவாத தலைமுறையின் இழப்பை 5 ரூபாயாகச் சுருக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?

வானூர் வட்டம் திருவக்கரையில், சிலிக்கா ஊடுருவிக் கல்லாகிப்போன மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகளாகக் கிடக்கின்றன. சிலிக்காவின் உறுதிக்கு அவை சான்று என்பார்கள். அது படிகச் சிலிக்கா, கண்ணாடி அன்று. மேலும், எஞ்சியவற்றை மட்டுமே நாம் பார்க்கிறோம். மக்கி அழிந்த மரங்கள் கண்ணில் படுவதில்லை.

அணுமின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கண்ணாடிக் கலன்களுக்கான நிரந்தர ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. ஒவ்வொரு ஆலையிலும் எவ்வளவு கண்ணாடி சேர்ந்துள்ளது, அதன் கலவை என்ன, நீரில் அரிப்பு வீதம் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட வேண்டும். நீண்டகாலக் காவலுக்கான தனி நிதியை மின்கட்டணத்திலிருந்தே ஒதுக்க வேண்டும். மின்சாரத்தை நுகர்பவர்கள் நாம். அதன் முழு விலையையும் நாமே செலுத்துவதுதான் நேர்மை.