கிணற்றுக் கல்லிலே ஒரு பழங்கடல்

தொல்லுயிர்கள் என்றதும் சிறுவர் மனத்திலே தோன்றுவன இராட்சதப் பல்லிகளே. “நம் யாழ்ப்பாணத்து நிலத்தின் கீழும் அவை கிடக்குமோ?” என்று வீட்டுப் பிள்ளைகள் வினவுவாராயின், இல்லை என்றே விடையிறுத்தல் வேண்டும். அவை அழிந்தொழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். நமது குடாநாட்டின் அடியிலே பரந்து கிடக்கும் சுண்ணக்கல் உண்டானதோ ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். தமிழ்நாட்டு அரியலூர்ப் பகுதியிலே அவற்றின் எலும்புகள் அகப்பட்டுள்ளன. அந்தப் பேறு நமக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் பிள்ளைகள் மனஞ் சோர வேண்டியதில்லை. கிணறு வெட்டும் இடத்திலே குவிந்திருக்கும் கல்லில் ஒன்றை உடைத்து, புதிய முகத்தை நீரால் நனைத்து, உருப்பெருக்குங் கண்ணாடியாற் பார்க்கச் செய்யுங்கள். பளிங்குபோல் இறுகிய கல்லிலே யாதுந் தெரியாது. நல்ல கல்லாக வாய்ப்பின், சிப்பித் துண்டுகளையும் பவளத்தின் கண்களையும், அவற்றிடையே பருப்பினுஞ் சிறிய வட்டத் தகடுகளையும் காணலாம்.

அத்தகடு ஒவ்வொன்றும் ஓர் உயிர் கட்டிய வீடு. உடல் முழுவதும் ஒரேயொரு கலம். அக்கலமோ நூற்றுக்கணக்கான சிற்றறைகள் கொண்ட சுண்ண ஓட்டைத் தனக்கெனச் சமைத்துக்கொண்டது. இவற்றுள் ஓரினத்தை 1853ஆம் ஆண்டில் விவரித்து, மலபாரின் பெயரை அதற்குச் சூட்டியவர் பம்பாயிலே வைத்தியராயிருந்த எச். ஜே. கார்ட்டர். இலங்கையின் இவ்வகைப் பாறைகளைப் பற்றி வேலண்டும் மோர்லி டேவிஸும் 1923இல் ஆராய்ந்தெழுதினர். 2008இலும் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர் ரெனெமா, கார்ட்டரின் அவ்வுயிரினது உள்ளறைகளைக் கரிபியக் கடலின் இனங்களோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் ஓட்டின் அறைகளை எண்ணுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் போதவில்லை!

இவ்வுயிர்களின் உறவினங்கள் இன்றும் வெப்பக் கடல்களிலே கடற்புல்லின் இலைகளைப் பற்றி வாழ்கின்றன. பாசியைத் தம் உடலுள் வைத்துப் பேணுவதால் அவற்றிற்கு வெயில் வேண்டும். ஆகவே, நாம் வெங்காயம் நடும் தோட்டங்கள் அந்நாளில், வெயில் அடிவரை எட்டிய ஆழமில்லாத தெளிகடலாயிருந்தன என்று துணியலாம்.

இது வெறும் பழங்கதையன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றேனும் இல்லாத நாம் உண்ணும் நீர், அவ்வுயிர்களின் ஓடுகளாலான இக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலுமே தங்குகின்றது. மாரி மழை கீழிறங்கி, பாரமான உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. புத்தூர் நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. இறைப்பு இயந்திரம் அளவு கடந்து இறைத்தால் அடிநீர் மேலெழும். பின்னர்ப் பயிருமில்லை, குடிநீருமில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அரைத்ததும் இதே கல்லைத்தான். சீமெந்து நமக்கு வேண்டியதே. ஆனால் மழைநீரைத் தாங்கிய கல்லை வெட்டிய பள்ளத்திலே மீண்டும் வைப்பார் யார்?

ஓடு தெரியும் கல் அகப்பட்டால், அதைச் சூளைக்கு அனுப்பாது, ஊர், கிணறு, எத்தனை முழ ஆழம் என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு கட்டி வைக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிடைத்த இடந் தெரியாத கல்லால் ஆராய்வோருக்குப் பெரும் பயன் இல்லை.