ஓர் இசைத்தொகுப்பும் கேட்போர் தீர்ப்பும்

பலர் வாங்கிய பொருள் நற்பொருளே என்பார் ஒருசாரார். பலர் வாங்கினர் என்னும் அக்காரணம் பற்றியே அஃது இழிந்த பொருள் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பொருளை நோக்குவதில்லை. வாங்கினோர் தலைகளை எண்ணுவதோடு அமைகின்றனர். இசைத்துறையில் இக்குறை மிகுதியும் காணப்படும். அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக, இங்கிலாந்து நாட்டு ஜாமிரோக்குவாய் குழுவினர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிராவலிங் வித்தவுட் மூவிங்’ என்னும் இசைத்தொகுப்பைப் பற்றிக் கேட்போர் கூறும் கருத்துகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ‘நகராமற் செல்லும் பயணம்’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம்.

முதற்கண் அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1980-களின் இறுதியில் இலண்டன் மாநகரின் நடன அரங்குகளில், ஜாஸ் இசையையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸோல், ஃபங்க் என்னும் இசைவகைகளையும் புதிய நடனத் தாளங்களோடு இணைக்கும் வழக்கம் எழுந்தது. அதற்கு ஆசிட் ஜாஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பெயரையே தாங்கி 1987-இல் ஓர் இசைத்தட்டு நிறுவனமும் தோன்றியது. ஜாமிரோக்குவாயின் முதற்பாடல் 1992-இல் அந்நிறுவனத்தின் வாயிலாகவே வெளிவந்தது. அடுத்த ஆண்டில் வந்த முதல் தொகுப்பு, பூவுலகிற்கு நேர்ந்த பேரிடர் என்னும் பொருள்படும் பெயருடையது. இயற்கையின் அழிவையும் தொல்குடி மக்களின் நிலையையும் பாடுவது. குழுவின் பெயரிலேயே இரோக்குவாய் என்னும் வட அமெரிக்கத் தொல்குடியினர் பெயர் பொதிந்துள்ளது. மூன்றாவதாக வந்ததே யாம் எடுத்துக்கொண்ட தொகுப்பு. அது 80 இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாகி, ஃபங்க் இசைத்தொகுப்புகளுள் மிகுதியாக விற்றது எனக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. அதன் முதற்பாடலாகிய ‘வெர்ச்சுவல் இன்ஸானிட்டி’ 1998-இல் கிராமி விருது பெற்றது.

இனிக் கேட்போர் கூறும் குறைகளை நோக்குவோம். அவை பலவாயினும் மூன்றனுள் அடங்கும்.

முதலாவது, பாடகர் ஜே கே ஸ்டீவி ஒண்டரின் குரலையும் நடையையும் பின்பற்றினார் என்பது. இதனை யாம் மறுக்கவில்லை. ஒண்டர் 1970-களில் இயற்றிய இசையைக் கேட்ட செவிக்கு இவ்வுறவு உடனே புலப்படும். ஆயின், வழிவழி வந்த ஒரு நடையைக் கைக்கொள்ளுதல் வேறு. பிறர் பொருளைக் கவர்தல் வேறு. தமிழ் யாப்பைக் கற்றோர் இதனை நன்கு அறிவர். வெண்பா ஒருவர்க்கே உரிய சொத்து அன்று. அதனுள் எதனைப் பெய்கின்றோம் என்பதே வினா. இத்தொகுப்பில் ஸ்டூவர்ட் ஸெண்டர் என்பார் மீட்டும் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். அது பாட்டின் அடியில் தாளத்தைச் சுமந்து நிற்பதோடு அமையவில்லை, பாடகரோடு உரையாடுகின்றது, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தான் ஒரு சொல் சொல்லிச் செல்கின்றது. 2017-இல் மறைந்த டோபி ஸ்மித் அவர்களின் விசைப்பலகையும் அத்தகையதே. இவ்விருவரையும் கேளாது குரலை மட்டும் கேட்டவர்க்கே இக்குறை பெரிதாகத் தோன்றும்.

இரண்டாவது, ஜாஸ் நெறியைக் கைவிட்டுக் கூட்டத்தை மகிழ்விக்கச் சென்றனர் என்பது. முன்னிரு தொகுப்புகளை நேசித்த பழைய அன்பர்கள் கூற்று இது. இதிலும் உண்மை உண்டு. முன்னவற்றில் ஊதுகருவிகள் நெடிது முழங்கும். பாடல்கள் தம் போக்கில் விரிந்து செல்லும். இதிலோ ‘காஸ்மிக் கேர்ள்’ போன்ற பாடல்கள் டிஸ்கோ நடனத்திற்கென்றே அளந்து வைத்தாற்போல உள்ளன. எனினும், ஃபங்க் என்பது தோன்றிய நாள் தொட்டே ஆடுவோர்க்குரிய இசை. கால்கள் எழுமாறு செய்தமை அதற்குக் குற்றமாகாது.

மூன்றாவது குறையே எம்மை நெடுநாள் வருத்தியது. ‘வெர்ச்சுவல் இன்ஸானிட்டி’ இயந்திரங்களின் கையில் அகப்பட்டு நிலத்தின் கீழே வாழ நேரும் மனிதரை எண்ணி அஞ்சுகின்றது. ஆனால் அதே தொகுப்பின் அட்டையில், பெராரி மோட்டார் வண்டியின் இலச்சினையைப் போலவே ஒன்றை வரைந்து, குதிரை நின்ற இடத்தில் குழுவின் கொம்புத் தலையுருவத்தை நிறுத்தியுள்ளனர். ‘காஸ்மிக் கேர்ள்’ பாடலுக்குரிய படத்திலோ விலையுயர்ந்த வண்டிகள் மலைப்பாதையிற் பறக்கின்றன. பூமியின் பொருட்டுக் கண்ணீர் வடித்தவர் எரிநெய்யை இங்ஙனம் எரிக்கலாமோ? சொல் ஒன்று, செயல் ஒன்று என்று கேட்போர் பலர் சினந்தனர். அன்பர்களோ, பாட்டைக் கேளுங்கள், ஆளைப் பாராதீர்கள் என்று கூறி ஒதுங்கினர்.

யாமும் சினந்தோர் பக்கமே நின்றோம். எம் விடுதி அறையில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றில், இஃது ஒரு வேடதாரியின் இசை என்று உரத்துத் தீர்ப்புக் கூறினோம். அப்போது மூத்த மாணவர் ஒருவர், “தம்பி, தொகுப்பு முழுவதையும் கேட்டாயோ?” என்று அமைதியாக வினவினார். எமக்கு விடையில்லை. புகழ்பெற்ற நான்கு பாடல்களை மட்டுமே கைப்பேசியிற் கேட்டிருந்தோம். எஞ்சியவற்றைப் பற்றிய எமது கருத்து, பிறர் சொல்லக் கேட்டுக் கடன் வாங்கியது.

அன்றிரவே முதலிலிருந்து இறுதிவரை முறையாகக் கேட்டோம். எட்டாவதும் ஒன்பதாவதும் பாட்டில்லா இசைகள். அவற்றில் வாலிஸ் புக்கானன் என்பார் டிஜெரிடூ ஊதுகின்றார். அஃது ஆஸ்திரேலியத் தொல்குடி மக்களின் கருவி. கறையான் அரித்துத் துளையாக்கிய மரத்தண்டினாற் செய்யப்படுவது. அதன் முழக்கம் மண்ணுக்குள்ளிருந்து வருவது போன்றது. அதனை அடுத்து வரும் பத்தாவது பாடலே தொகுப்பின் பெயர்ப்பாடல். அது தொடங்குவதோ மோட்டார் வண்டி ஒன்றின் எந்திர உறுமலோடு! கறையான் துளைத்த மரத்தின் ஒலியும் எரிநெய் குடிக்கும் இரும்பின் ஒலியும் அடுத்தடுத்து நிற்கின்றன. எண்ணிச் செய்யினும் எண்ணாது செய்யினும், அம்முரண் ஈண்டு மறைக்கப்படவில்லை. செவிக்கு நேரே வைக்கப்பட்டுள்ளது. மறைப்பவனே வேடதாரி. தன் ஆசை இரண்டையும் ஒரே தட்டில் வெளிப்பட வைப்பவனை முரண்பட்டவன் எனலாம். வேடதாரி எனல் தகாது.

அவர் குற்றமற்றவர் என்று யாம் வாதிக்கவில்லை. வண்டியின் புகை வண்டியின் புகையே. இனிய தாளம் அதனைத் தூய்மையாக்காது. ஆயின் அக்குற்றத்தைச் சுட்டிய எம் விரல் எத்தகையது? சுற்றுச்சூழல் நாளன்று கல்லூரி மேடையில் மரங்களைப் பற்றி முழங்கிவிட்டு, அன்று மாலையே அடுத்த தெருவிலுள்ள கடைக்கு நண்பரின் மோட்டார் சைக்கிளிற் சென்றவர் யாமே. பத்து நிமிடம் நடக்க எமக்கு மனம் இல்லை. எமது முரணுக்கு இசையும் இல்லை, கேட்போரும் இல்லை, அவ்வளவே வேற்றுமை.

‘வெர்ச்சுவல் இன்ஸானிட்டி’ பாடலுக்கு ஜொனாதன் கிளேஸர் இயக்கிய படத்தைப் பலரும் பார்த்திருப்பர். 1997-இல் எம் டி வி விழாவில் ஆண்டின் சிறந்த படமெனப் பரிசு பெற்றது அது. வெண்ணிற அறையொன்றில் பாடகர் ஆடுகின்றார்; தரை அவரைச் சுமந்து நகர்வது போலத் தோன்றுகின்றது. உண்மையிலோ தரை அசையவில்லை, சுவர்களே நகர்த்தப்பட்டன. கேட்போர் தீர்ப்புகளும் இத்தகையனவே. தொகுப்பு 1996-இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. விற்பனைத் தொகையும் விருதும் வசையும் ஆகிய சுவர்கள் நம்மைச் சுற்றி நகர, இசை உயர்ந்ததென்றும் தாழ்ந்ததென்றும் நாம் மயங்குகின்றோம்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! புகழ்வதாயினும் இகழ்வதாயினும் முழுதும் கேட்டபின் கூறுவோம். கேட்டபின் கூறும் கருத்து பிழையாகவும் இருக்கலாம். ஆயினும் அது நம்முடையதாய் இருக்கும். கேளாது கூறுவது சரியாக அமைந்தாலும் அது பிறருடையதே. அறையில் அன்று விடையின்றி நின்ற நாணம் இக்கட்டுரையை எழுதுவித்தது. அந்நாணத்தை எமக்கு அளித்த மூத்த மாணவர்க்கு எம் நன்றி உரியது.