ஃபேஸ் டூ என்னும் பொய்

“நாங்க கிளவுடுக்குப் போயிட்டோம்” என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான். அலுவலக சர்வர் அறையில் ஓடிக்கொண்டிருந்த பழைய பயன்பாட்டை, அதன் இயங்குதளம், தரவுத்தளம், எவருக்கும் நினைவில்லாத கோப்புறைகள் சகிதமாக அப்படியே பிரதியெடுத்து, மும்பையிலோ ஹைதராபாத்திலோ இன்னொருவரின் கட்டடத்தில் வர்ச்சுவல் மெஷினாக ஓடவிட்டிருப்பார்கள். தொழிலில் இதற்கு ‘லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட்’ என்று பெயர். வீடு மாறும்போது பரணில் கிடந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் புது வீட்டுப் பரணில் ஏற்றுவோமே, அதேதான். ஒரே வித்தியாசம், புதுப் பரணுக்கு மணிக்கணக்கில் வாடகை.

கிளவுட் எனக்கு எதிரி இல்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். 2006 ஆகஸ்டில் அமேசான் தன் ஈசி2 சேவையைச் சோதனை முறையில் திறந்தபோது அது உண்மையிலேயே புதிய விஷயம். கேட்ட சில நிமிடங்களில் கணினி கிடைக்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. ஆனால் இந்த விலைமுறை திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவனுக்காக உண்டானது. லாட்ஜில் நாள் வாடகைக்கு அறை எடுப்பது கல்யாணத்துக்கு வந்தவனுக்கு மலிவு. அதே அறையில் பத்து வருஷம் குடும்பம் நடத்தினால்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் சர்வர் என்று வையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை, மாதம் 26 நாள் வேலை. ஆக 312 மணி நேரம். மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம் இருக்கிறது. மிச்சம் 418 மணி நேரமும் ஆளில்லாத கடையில் டீ ஆத்துகிற கதைதான். அணைத்து வைக்கலாமே? வைக்கலாம். கணினி வாடகை நிற்கும், வட்டின் வாடகை மட்டும் தொடரும். ஆனால் அணைத்தால் மறுபடி ஒழுங்காக எழுந்திருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தச் சேவை முதலில் கிளம்ப வேண்டும், எது எதற்காகக் காத்திருக்கும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதனால் தொடமாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தால் தள்ளுபடி உண்டு, பலரும் கடைசியில் அதைத்தான் வாங்குகிறார்கள். எதற்காக கிளவுடுக்கு வந்தோமோ அந்த வசதியை விட்டுக்கொடுத்துத்தான் தள்ளுபடி.

அளவு விஷயமும் இப்படித்தான். சொந்த சர்வர் வாங்கும்போது ஐந்தாறு வருஷ வளர்ச்சியை உத்தேசித்துப் பெரிதாகத்தான் வாங்குவோம், அது நியாயம். மைக்ரோசாஃப்டின் அஷூர் மைக்ரேட் கருவியில் இரண்டு வழி உண்டு: இருக்கிற அளவையே எடுத்துக்கொள்வது, அல்லது உண்மையான பயன்பாட்டை அளந்து அதற்கேற்ற அளவைப் பரிந்துரைப்பது. கூட்டத்தில் இரண்டாவது அறிக்கையையும் திரையில் போடுவார்கள். “நல்லாத்தான் இருக்கு, ஆனா மார்ச் கடைசில ஸ்லோ ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று ஒரு குரல் வரும். முதல் அறிக்கையில் கையெழுத்து விழும்.

பணம்கூடப் போகட்டும். பழைய பயன்பாடுகள் பயங்கர வாயாடிகள். ஒரு பில்லைத் திரையில் காட்டுவதற்கு, ஒவ்வொரு சரக்குக்கும் விலை தனி, வரி தனி, இருப்பு தனி என்று தரவுத்தளத்திடம் 400 தடவை போய்வரும். இரண்டும் ஒரே அறையில், ஒரே ஸ்விட்சில் இருந்தவரை ஒரு தடவை போய்வர அரை மில்லிசெகண்ட். 400க்கும் சேர்த்து 0.2 விநாடி. எழுதியவரும் கவனிக்கவில்லை, பயன்படுத்தியவரும் கவனிக்கவில்லை. இப்போது திட்டப்படி பயன்பாடு முதல் தவணையில் மும்பைக்குப் போகிறது. தரவுத்தளம் உரிமச் சிக்கலால் சென்னையிலேயே நிற்கிறது. போய்வர 25 மில்லிசெகண்ட் என்று வைத்தால் அதே பில்லுக்கு 10 விநாடி. கிடங்கு வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், பில் போடும் பெண் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். “நெட் ஸ்லோம்மா” என்று அவரிடம் சொல்லிவிடுவார்கள். பாவம், நெட் என்ன பண்ணும்? இன்னும் பெரிய மெஷின் எடுத்தாலும் தீராது, தூரத்தை எந்த சிபியுவாலும் குறைக்க முடியாது. அந்த 400ஐ நாலாக்க வேண்டும். அதற்கு நிரலைத் திறக்க வேண்டும். நிரலைத் தொடாமல் நகர்த்துவதுதான் ஒப்பந்தம்.

இங்கேதான் அந்த மந்திரச் சொல் வரும். “அதெல்லாம் ஃபேஸ் டூல பாத்துக்கலாம் சார்.” முதலில் நகர்த்துவோம், பிறகு நவீனப்படுத்துவோம். கேட்க எவ்வளவு விவேகமாக இருக்கிறது! நான் பார்த்த திட்டங்களில் ஃபேஸ் டூ பிபிடியின் கடைசிப் பக்கத்தைத் தாண்டியதில்லை. வரவும் வராது. முதல் கட்டம் முடிந்ததும் கேக் வெட்டியாகிவிட்டது, மேலாளருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, ஆலோசனை நிறுவனம் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டது. நவீனப்படுத்த ஒதுக்க வேண்டிய பணத்தை மாத பில் தின்றுகொண்டிருக்கிறது. சொந்த சர்வர் பழுதானால் வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டு யோசிப்போம். இனி அந்த நெருக்கடியும் இல்லை.

விற்பவர்களுக்கும் இது தெரியும். விண்டோஸ் சர்வர் 2008க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அஷூருக்குக் கொண்டுவந்தால் மேலும் மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம், சொந்த இடத்திலேயே வைத்திருந்தால் காசு என்றது மைக்ரோசாஃப்ட். வியாபாரமாக அபாரமான யோசனை. மேம்படுத்தத் தேவையான மூன்று வருஷ அவகாசம் என்றுதான் அறிவித்தார்கள். பல இடங்களில் அது மூன்று வருஷம் தூங்குவதற்கான போர்வையாக இருந்தது. இன்னொரு மூடநம்பிக்கை, ‘இனி எல்லாத்தையும் கிளவுடே பாத்துக்கும்’ என்பது. அவர்கள் பார்த்துக்கொள்வது கட்டடத்தை, மின்சாரத்தை, அடியில் இருக்கும் இயந்திரத்தை. வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் இயங்குதளத்துக்குத் திருத்தம் போடுவதும், பேக்கப் ஏற்பாடு செய்வதும், அதை மீட்டுப் பார்ப்பதும் வாடகைக்கு எடுத்தவர் வேலை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறொன்றில். இடம்பெயர்ப்புக் குழுவின் கையில் ஒரு எக்செல் தாள் இருக்கும். சர்வர் பெயர், இயங்குதளம், கோர், நினைவகம், ஐபி முகவரி. ஒரு இடத்தில் பதினைந்து வருஷமாக ஒப்பந்தத்தில் அந்த சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் இருந்தார். மாதக் கடைசியில் பில்லிங் கோப்பு இறங்கி முடிந்த பிறகுதான் இருப்பு அறிக்கை ஓட வேண்டும், முந்திக்கொண்டால் கிளைகளின் இருப்பு இரண்டு மடங்காகக் காட்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அன்று ராத்திரி தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டுவார். எக்செல்லில் இதற்குக் கட்டம் கிடையாது. சேமிப்புக் கணக்கில் முதலில் காட்டப்பட்டது அவருடைய சம்பளம். ஒப்படைப்புக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்: “தம்பி, 31ஆம் தேதி ராத்திரி நீங்க ஆன்லைன்ல இருப்பீங்களா?” எங்கள் ஒப்பந்தம் 20ஆம் தேதியோடு முடிகிறது என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

‘அப்ப அந்தப் பழைய அறையிலேயே கிடக்கச் சொல்றியா?’ என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரன் தரைத்தள சர்வர் அறைக்கு வக்காலத்து வாங்கமாட்டான். குத்தகை முடிகிறது, இயந்திரத்துக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றால் நகர்த்தித்தான் ஆக வேண்டும். போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். 2008இல் தரவுத்தளம் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃப்ளிக்ஸ், கிளவுடுக்குப் போய் முடிக்க 2016 ஜனவரி ஆனது. இருப்பதை அப்படியே தூக்கிவைத்தால் பழைய குறைகளும் கூடவே வரும் என்று சொல்லித்தான் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி எழுதினார்கள். எதிர்த்திசையில், 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் கிளவுடை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தது. அந்த வருஷம் அவர்களுடைய கிளவுட் பில் 32 லட்சம் டாலர். இந்த இரண்டையும் மேற்கோள் காட்டி இணையத்தில் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். உள்ளே போனவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும் தங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தது, அது பேச்சில் வருவதே இல்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஃபேஸ் டூவுக்கான பணமும் தேதியும் ஆட்களும் ஃபேஸ் ஒன் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை நீங்களே அணைத்துப் போட்டுப் பாருங்கள், எழுந்தால் நகர்த்தலாம். இதற்கெல்லாம் நேரமில்லை, காசில்லை என்றால் பழைய பெட்டியிலேயே இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும். அறையின் ஏசியைச் சரிபண்ணுங்கள், பேக்கப்பின் ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள், அந்த அண்ணனின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடுங்கள்.