இ.டி.யைக் கண்டு என்ன பயம்?

இ.டி. என்றதும் அமலாக்கத் துறை நினைவுக்கு வந்தால், அது அரசியல்வாதிகளின் கவலை. பள்ளிப் பிள்ளைகளை விரட்டும் இ.டி. வேறு. ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அதை இறந்தகாலமாக்கும் இரண்டு எழுத்து அது. வாக், வாக்ட், பிளே, பிளேட், வான்ட், வான்டட். ஆங்கில இலக்கணத்தில் இதைவிடச் சுலபமான பாடம் அதிகம் இல்லை. ஆனாலும் டென்ஸ் என்றால் பிளஸ் டூ முடித்தவருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. இதில் ஆங்கிலத்தின் மேல் தப்பில்லை. கரும்பலகையில் பன்னிரண்டு கட்டம் போட்டு அதை நடத்துகிறோமே, அங்கேதான் கோளாறு.

அந்தக் கட்டங்களுக்குள் அடைபடாத மாணவர் இங்கே அபூர்வம். குறுக்கே நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். நெடுக்கே சிம்பிள், கன்டினியூவஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியூவஸ். மூநான்கு பன்னிரண்டு. ஆனால் ஒழுங்கான ஆங்கில வினை ஒன்றுக்கு இருப்பதே நான்கு உருவங்கள்: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். மற்றதெல்லாம் ஹேவ், ஹேட், வில், பீன் முதலிய துணைவினைகள் பார்க்கும் வேலை. ராண்டால்ஃப் குவர்க்கும் மூன்று அறிஞர்களும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல், உருவ மாற்றத்தால் ஆங்கில வினை காட்டும் காலம் இரண்டே என்கிறது: நிகழ்காலமும் இறந்தகாலமும். எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினை ஒரு விகுதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமே அல்ல. செய் என்றால் செய்தான், உண் என்றால் உண்டான், தின் என்றால் தின்றான், ஓடு என்றால் ஓடினான். த், ட், ற், இன் என்னும் இந்த நான்கையும் நன்னூல் இறந்தகால இடைநிலைகள் என்று வகுத்திருக்கிறது. அது போதாதென்று நடந்தேன், நடந்தாய், நடந்தாள், நடந்தார், நடந்தது என ஆளுக்கு ஒரு விகுதி. பள்ளியில் சேருவதற்கு முன்பே, எந்த அட்டவணையும் இல்லாமல், நம் பிள்ளைகள் இத்தனையும் பிசகாமல் பேசுகிறார்கள்.

காதால் கேட்டே விதி பிடிபடும் என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில், இட்டுக்கட்டிய வினைகளைக் குழந்தைகளிடம் சொல்லி, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். ‘ரிக்’ என்ற பொய்ச் சொல்லுக்குக் குழந்தைகள் ‘ரிக்ட்’ என்றார்கள். எங்கேயும் கேட்டிராத சொல்லுக்கு விதியைத் தாங்களாகவே பூட்டினார்கள். ஆனால் ‘மாட்’ போல ட் ஒலியில் முடியும் சொல் வந்தபோது பலர் தடுமாறி, வாலே இல்லாமல் ‘மாட்’ என்று விட்டுவிட்டார்கள். ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகள் இவர்கள்.

எழுத்தில் ஒன்றாக நிற்கும் இந்த வால், வாயில் மூன்றாகப் பிரிகிறது. வாக், ஸ்டாப், லாஃப் என்று முடிந்தால் ‘பாட்டு’ என்பதில் வருவது போன்ற வல்லின ட். பிளே, கால் என்று முடிந்தால் ‘வண்டி’ என்பதில் வருவது போன்ற மெலிந்த ட். சொல்லே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் தனி அசையாக ‘இட்’: வான்டட், நீடட். “வான்டடாக வம்பை விலைக்கு வாங்குகிறான்” என்று திட்டுகிறவருக்கு மூன்றாவது ஒலி முன்பே பழக்கம். நம் வகுப்பறைகளில் மூன்றையும் ஒன்றாக்கி, ஸ்டாப்பெட், லாஃபெட் என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறோம். திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் எழுத்துத் தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லையே, யார் திருத்துவார்கள்?

கோ, வென்ட், கான் என்று ராகம் போட்டுச் சொல்லும் பட்டியல் வேண்டும்தான்; அடிக்கடி புழங்கும் வினைகளில் பல அந்த ரகம். ஆனால் அந்தக் கூட்டம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில், பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தார்கள். இன்றைக்கு அவற்றில் 98 மட்டுமே அப்படியே இருக்கின்றன. மற்றவை இ.டி. பக்கம் போய்விட்டன. ஹெல்ப் அப்படிக் கட்சி மாறிய வினைதான். புதிதாகப் பிறந்த கூகுள், ட்வீட், ஈமெயில் எல்லாமே தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கம்.

உண்மையான சிக்கல் இருக்கும் இடத்தை அட்டவணை காட்டுவதே இல்லை. “ஐ டிட் நாட் கால்ட்”, “டிட் யூ ஃபினிஷ்ட்?” போன்ற பிழைகள் பட்டதாரிகளின் வாயிலும் வருகின்றன. கட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் உடன்பாட்டு வாக்கியங்கள். டிட் வந்து இறந்தகாலத்தைச் சுமந்தபின் வினைக்கு வால் தேவையில்லை என்பது அதில் தெரியாது. தமிழைக் காட்டியே இதை விளக்கலாம். நடந்தான் என்பதை மறுத்தால் நடக்கவில்லை. ‘நடந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. நம் எதிர்மறையிலும் இறந்தகால அடையாளம் வினையை விட்டுக் கழன்றுவிடுகிறது.

தமிழே காலை வாரிவிடும் இடமும் உண்டு. “நேற்றே சொல்லியிருக்கிறேனே” என்பது நல்ல தமிழ். அதையே “ஐ ஹேவ் டோல்டு ஹிம் யெஸ்டர்டே” என்று மாற்றினால் ஆங்கிலம் ஏற்காது. நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் ஹேவ் விலகிக்கொள்ள வேண்டும். பர்ஃபெக்ட் கட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவருக்கும் இதை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

ஆகவே கேள்வித்தாளிலிருந்து தொடங்கலாம். அடைப்புக்குள் வினையைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்விகளில் பாதியை எடுத்துவிட்டு, நேற்று ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த தோழியிடம் ஆங்கிலத்தில் ஐந்து கேள்விகள் கேட்கச் சொல்லலாம். அதில் டிட் வந்தே தீரும். கேள்வித்தாளில் வந்துவிட்டால், வகுப்பிலும் அதை நடத்தியாக வேண்டும்.