எடை எங்கும் போகவில்லை

ஆர்மர்ட் கோர் என்ற ரோபோச் சண்டை வீடியோ விளையாட்டுத் தொடரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு பழைய ரசிகர் வந்து அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகிறார்: "எடை போச்சு, ஆர்மர்ட் கோரும் போச்சு." 2006-இல் நான்காம் பாகம் வந்தபோது தொடங்கிய ஒப்பாரி இது. 2023 ஆகஸ்டில் ஆறாம் பாகம், 'ஃபயர்ஸ் ஆஃப் ரூபிகான்', வந்ததும் இன்னும் உரக்கக் கேட்டது. அவர்கள் வழக்கு இவ்வளவுதான்: முன்பு ரோபோ இரும்பைப் போல நடந்தது, இப்போது தட்டானைப் போலப் பறக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் பக்கவாட்டில் பாய்கிற 'குவிக் பூஸ்ட்' வந்ததோடு விளையாட்டின் ஆன்மா போய்விட்டது. 2006 முதல் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பதில் சொல்லாமல் விட்டதால்தான் இந்தப் பொய் வரலாறாக மாறிக்கொண்டிருக்கிறது.

முதலில், அந்தப் பழைய ரோபோ மெதுவாக இருந்தது என்ற கதை. 1997-இல் ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனம் முதல் பாகத்தை பிளேஸ்டேஷனில் வெளியிட்டபோது அது ஸ்டிக் இல்லாத கன்ட்ரோலருக்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. திசை பட்டன்களில் முன்னே பின்னே போகலாம், திரும்பலாம். பக்கவாட்டில் நகர எல்1, ஆர்1. தலையை நிமிர்த்தவும் குனியவும் எல்2, ஆர்2. எக்ஸ் பட்டனில் பூஸ்டர், சதுரத்தில் துப்பாக்கி, வட்டத்தில் வாள். தலைக்கு மேலே பறக்கும் எதிரியைச் சுட வேண்டுமானால் இடது கட்டைவிரல் திரும்பிக்கொண்டிருக்கும், ஒரு சுட்டுவிரல் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டிருக்கும், இன்னொரு விரல் பார்வையை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும், வலது கட்டைவிரல் பூஸ்டருக்கும் துப்பாக்கிக்கும் இடையே அல்லாடும். கன்ட்ரோலரை நண்டுப் பிடியில் வளைத்துப் பிடித்து ஆடியவர்கள் எத்தனையோ பேர். இரண்டு ஸ்டிக்குகளால் ஆடும் முறை 2004-இல் 'நெக்சஸ்' என்ற பாகம் வந்த பிறகுதான் கிடைத்தது. பழைய ரசிகர்கள் 'கனம்' என்று கொண்டாடுவதில் பாதி, ரோபோவின் கனம் அல்ல. விரல்கள் பட்ட பாடு.

அந்தப் பாட்டைத் தாண்டியவர்கள் மெதுவாகவா ஆடினார்கள்? பூஸ்டரை விட்டு விட்டுத் தட்டி, தரையை ஒட்டித் தாவித் தாவி, ஆற்றலை மிச்சம் பிடித்து, எதிரியின் முதுகுப்புறமாகவே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எதிரியின் குறிவைப்புப் பெட்டிக்குள் ஒரு கணம்கூட அகப்படாமல் இருப்பதே அன்றைக்குத் தேர்ச்சி. மேலும், முதல் பாகத்திலேயே 'ஹியூமன் ப்ளஸ்' இருந்தது. கடன் 50,000-ஐத் தாண்டினால் உங்கள் விமானியைப் பிடித்து அறுவைச் சிகிச்சை செய்து அனுப்புவார்கள். பிறகு பூஸ்டர் குடிக்கும் ஆற்றல் குறையும்; முதுகில் மாட்டிய பீரங்கியை மண்டியிடாமல், ஓடிக்கொண்டே சுடலாம். தடையின்றிப் பறக்கும் ஆசை இந்தத் தொடருக்குப் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 2006-இல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோய் அல்ல அது.

அடுத்து அவர்களின் பெரிய ஆயுதம்: குவிக் பூஸ்ட் அந்நியப் பொருள், எடையைக் கொன்றது அதுதான் என்ற குற்றச்சாட்டு. இதை நிதானமாகப் பிரித்துப் போட வேண்டும்.

2000-இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே 'ஓவர்பூஸ்ட்' வந்துவிட்டது. சில வகை உடற்பகுதிகளைப் பொருத்தினால் முதுகு திறந்து, ஆற்றலை மளமளவென்று குடித்து, ரோபோ நேர்கோட்டில் சீறும். பிளேஸ்டேஷன் 2 காலத்துப் பாகங்களில் தோளில் மாட்டும் கூடுதல் பூஸ்டர்கள் விற்பனைக்கு இருந்தன. பக்கவாட்டில் தள்ள ஒன்று, சட்டென்று திரும்ப ஒன்று, பின்னால் பாய ஒன்று. குவிக் பூஸ்ட் என்பது வேறு என்ன? தனியாகக் காசு கொடுத்து வாங்கித் தோளில் மாட்டியதை நான்காம் பாகம் உடம்புக்குள் வைத்தது. அவ்வளவுதான். தோளில் இருந்தபோது உத்தி, உள்ளே போனதும் துரோகமா?

'எடை போச்சு' என்று எந்தப் பாகத்தைச் சொல்கிறார்களோ, அந்த நான்காம் பாகத்தில் ரோபோவுக்கு உதிரி பாகங்களைப் பொருத்தும் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். முன்னே தள்ளும் பூஸ்டர் தனி, பின்னே தள்ளுவது தனி, பக்கவாட்டுக்குத் தனி, ஓவர்டு பூஸ்ட்டுக்குத் தனி. நான்கையும் தனித்தனியே தேர்ந்து பொருத்த வேண்டும். இதற்கு மேல், ரோபோவின் எடை ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கத் தலை, தோள், கால் என்று அங்கங்கே மாட்டும் ஸ்டெபிலைசர்கள். எடைச் சமநிலைக்கென்றே தனி உதிரி பாகங்களைக் கொடுத்த விளையாட்டை எடையில்லாத விளையாட்டு என்கிறார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் போதும் என்பதும் பொய். பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலரின் அழுத்தம் உணரும் பட்டனைப் பாதி அழுத்தி, சரியான கணத்தில் முழுதாக அழுத்தினால்தான் இரண்டாம் கட்டப் பாய்ச்சல் கிடைக்கும். அது கைவர நாட்கள் பிடிக்கும்.

ஆறாம் பாகம் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. எந்த பூஸ்டரையும் எடுத்து அதன் விவரப் பட்டியலைக் கீழே வரை படியுங்கள். அடுத்தடுத்த பாய்ச்சலுக்கு இடையிலான நேரம் ஒரு வரியில் இருக்கும். அதற்கேற்ற எடை எவ்வளவு என்பது இன்னொரு வரியில் இருக்கும். உங்கள் ரோபோ அந்த எடையைத் தாண்டினால் அடுத்த பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் நேரம் நீளும். கனமான பீரங்கி ஒன்றைத் தோளில் ஏற்றிவிட்டு, ஏவுகணை மழைக்கு நடுவே பட்டனை அழுத்திப் பாருங்கள். பழகிய தாளத்தில் அழுத்துவீர்கள், ரோபோ நகராது, அந்தத் தாமதத்தில் ஏவுகணை வந்து விழும். எடை என்றால் இதுதான். எடை உங்கள் உயிரை வாங்குகிறது, அதுவும் அரை நொடிக்குள்.

ஜெனரேட்டரும் அப்படியே. ஆற்றல் முழுதும் தீர்ந்தால் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடப்பீர்கள், மீண்டு வரும்போது எவ்வளவு கிடைக்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. கோரல் வகை ஜெனரேட்டரை வேண்டுமென்றே வற்றவிட்டு, அந்தப் பொல்லாத இடைவெளியைத் தரையில் தாக்குப்பிடித்து, பெருமளவு ஆற்றலோடு மீண்டும் எழும்புவது ஒரு தனிக் கலை. இரண்டு கால் ரோபோ இன்றும் கனரகப் பீரங்கியைச் சுட நின்றாக வேண்டும்; நான்கு காலும் டாங்கிக் காலும் ஓடிக்கொண்டே சுடும். 1997-இன் விதி 2023-இல் அப்படியே நிற்கிறது. இதைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறவர்கள் பட்டறைக்குள் நுழையாமலே சண்டைக்குப் போனவர்கள்.

'இது ரோபோ வேஷம் போட்ட டார்க் சோல்ஸ்' என்று இன்னொரு பல்லவி. அந்த 'சோல்ஸ்' வரிசையின் முதல் விளையாட்டான டீமன்ஸ் சோல்ஸ் வந்தது 2009-இல். குவிக் பூஸ்ட் அறிமுகமான நான்காம் பாகம் 2006-இல் வந்தது. 2008-இல் அதன் தொடர்ச்சியான 'ஃபார் ஆன்சர்' வந்தது. இந்த இரண்டு ஆர்மர்ட் கோர்களையும் இயக்கியவர் சோல்ஸை உருவாக்கிய அதே ஹிடெடாகா மியாசாகி, சோல்ஸ் வெளிவருவதற்கு முன்பே. தம்பியின் சாயல் அண்ணனுக்கு வந்தது எப்படி? சோல்ஸில் உருளும்போது சில கணங்கள் அடி படாது. குவிக் பூஸ்ட்டில் அந்தச் சலுகை கிடையாது; குண்டின் பாதையில் பாய்ந்தால் குண்டு படும்.

இன்னொரு குறையும் உண்டு: கால்களின் திரும்பும் வேகத்துக்கு ஆறாம் பாகத்தில் பழைய மதிப்பில்லை என்கிறார்கள். சரி, ஆனால் அதன் இடத்தில் எதிரியைத் தடுமாற வைத்து அடிக்கும் முறை வந்திருக்கிறது. உங்களுக்குப் பதிலாகத் திரும்பி, எதிரியைக் கேமரா தானாகப் பின்தொடரும் வசதி பிடிக்கவில்லையா, போடாதீர்கள்.

சரி, இவர்கள் கேட்டது எப்போதாவது கிடைத்ததா? கிடைத்தது. 2012-இல் ஐந்தாம் பாகம் வானத்திலிருந்து இறங்கி வந்தது. ரோபோவின் உயரம் குறைந்தது. நினைத்தபடி பறக்க முடியாது. கட்டடச் சுவரை உதைத்து உதைத்துத்தான் மேலே ஏற வேண்டும். தெருமுனையில் பதுங்கி, குழுவாகச் சேர்ந்து போரிட வேண்டும். இரும்பும் புழுதியும் கனமுமாக, கேட்டது கேட்டபடியே வந்தது. அப்போது இவர்கள் கொண்டாடினார்களா? இது ஆர்மர்ட் கோரே இல்லை என்றார்கள். நான்கு வேகம் என்று குறை, ஐந்து மந்தம் என்று குறை. 2013-இல் ஐந்தின் தொடர்ச்சியான 'வெர்டிக்ட் டே' வந்தது. அதற்குப் பின் பத்து ஆண்டுகள் ஒரு புதிய பாகமும் இல்லை. 'நெக்சஸ்' காலத்திலும் இதே கதைதான்: பூஸ்டரைப் பயன்படுத்தினால் ரோபோ சூடாகிறது என்று புலம்பினார்கள். கனத்துக்கு விலை வேண்டும் என்று கேட்டவர்கள், விலை வந்தபோது கொடுக்க மறுத்தார்கள்.

இந்தத் தொடர் ஒரே மாதிரி நடந்த காலமே கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் நடை மாறியது. எதை மாட்டினால் எதை இழப்பாய் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. பழைய ரசிகர்களுக்கு ஒரே வேண்டுகோள். வேகம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பிளேஸ்டேஷன் 2-ஐத் தூசு தட்டி 'சைலன்ட் லைன்' ஆடுங்கள், அருமையான விளையாட்டு. ஆனால் ஆறாம் பாகத்தோடு முதன்முதலாக இந்தத் தொடருக்குள் வந்து நிற்கிற பிள்ளைகளிடம், நீ ஆடுவது உண்மையான ஆர்மர்ட் கோர் இல்லை என்று இனியும் சொல்லாதீர்கள். அவர்கள் ஆடுவது ஆர்மர்ட் கோர்தான்.